பதினைந்துக்கு ஒன்று சும்மா

எங்கள் தேனிலவுக்கு முப்பத்திரண்டு பேர் போனோம்.

நானும் என் கணவரும் இரண்டு பேர். மற்ற முப்பது பேரும் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மலையைப் பார்க்கப் பணம் கட்டி வந்தவர்கள். புதுப்பெண் என்ற மரியாதைக்கு எனக்கு பஸ்ஸில் முன்னால் இடம் கொடுத்தார் என் கணவர். டிரைவருக்குப் பக்கத்தில் மடக்கி நிமிர்த்துகிற பலகை, அதுதான் இடம். நல்ல சீட் எல்லாம் பணம் கட்டியவர்களுக்கு. அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம வீட்டம்மா இங்கதான் இருக்காங்க. தலைவலி, வாந்தி, எதுவா இருந்தாலும் கூச்சப்படாம அவங்களைக் கேளுங்க" என்று அறிவித்தார். யாரும் கூச்சப்படவில்லை.

ஹோட்டலில் இன்னொரு கூத்து. தனியாக வந்திருந்த ஓர் அம்மாளுக்குக் குறட்டைப் பழக்கம். அவரோடு ஒரே அறையில் படுக்க யாரும் சம்மதிக்கவில்லை. மனைவியை இழந்த ஒரு பெரியவருக்குத் தனியாகப் படுக்கப் பயம். என் கணவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என்னைக் குறட்டைக்கும் தன்னைப் பயத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். இப்படி நடந்தது எங்கள் தேனிலவு. மலை நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

அவரை ஊரில் டூர் சார் என்பார்கள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஊரில் முதன்முதலாக விமானம் ஏறியவர்களில் பாதிப் பேரை ஏற்றிவிட்டவர் அவர்தான். அவருடைய தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பதினைந்து பேர் பணம் கட்டினால் பதினாறாவது ஆள் சும்மா வரலாம். விமானக் கம்பெனியும் ஹோட்டலும் தருகிற சலுகை. முதல் பதினைந்துக்கு வருகிற சும்மா, கூட்டிக்கொண்டு போகிறவருக்கு. முப்பது சேர்ந்தால் இன்னொரு சும்மா வரும். அந்த இரண்டாவது சும்மா நான்.

அதனால் என் பெட்டி எப்போதும் கட்டிலுக்கு அடியில் பாதி அடுக்கியபடி கிடக்கும். இருபத்தொன்பதில் நின்றுவிட்டால் புடவையை எடுத்துத் திரும்ப பீரோவில் வைக்க வேண்டியதுதான். ஒரு முறை எல்லாம் கூடி வந்து, கிளம்புகிற வாரத்தில் முப்பதாவது ஆளின் மாமனார் காலமாகிவிட்டார். அந்த வீட்டில் அழுதவர்களைவிட நான் அதிகமாக அழுதிருப்பேன். முகம் தெரியாத ஒரு கிழவருக்காக நான் அப்படிக் கரைவதைப் பார்த்து என் கணவர், "உனக்கு ரொம்ப இளகின மனசு" என்றார்.

அப்போதெல்லாம் டூர் ஆபீஸ் என்றால் தனி மவுசு. கண்ணாடி போட்ட மேஜை, அதன் மேல் ஸ்டாண்டில் பறக்கிற பிளாஸ்டிக் விமானம், சுவரில் வரிசையாக நான்கு கடிகாரம். நான்கும் நான்கு நாட்டு நேரம் காட்ட வேண்டும். பேட்டரி தீர்ந்ததும் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் அவை காட்டிய நேரம் எந்த நாட்டிலும் இல்லை. ஒரு டிக்கெட்டில் நான்கு தாள், நடுவில் சிவப்புக் கார்பன். நாலாவது தாளிலும் விழ வேண்டுமே என்று அழுத்தி எழுதி எழுதி அவருடைய நடுவிரலில் காய்த்துப்போயிருந்தது. டிக்கெட்டை வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்குவார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுக்கிறவர் மாதிரி எழுந்து நின்றுதான் கொடுப்பார்.

பிறகு காலம் கொஞ்சம் வேகமெடுத்தது. ஒரே டூரில் ஏழு நாடு என்று இவர் நோட்டீஸ் அடித்தார். எட்டு நாடு என்று எதிர்த்தெருக்காரன் அடித்தான். இவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பஸ் போகிற வழியில் ஒரு பாலத்தின் அந்தப் பக்கம் ஒன்பதாவது நாடு தொடங்குவதைக் கண்டுபிடித்தார். பாலத்தைத் தாண்டி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தால் தீர்ந்தது. இறங்கு, போட்டோ எடு, ஏறு. அந்த ஒன்பதாவது நாட்டில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கழிப்பறை சுத்தமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

எனக்கும் பதவி உயர்வு கிடைத்தது. வாந்திப் பையோடு சேர்த்து, கடைக்கு முதல் ஆளாக நுழைகிற வேலை. ஒவ்வொரு ஊரிலும் பஸ்ஸை ஒரு தோல் சாமான் கடைக்கோ நகைக்கடைக்கோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். பயணிகள் வாங்குவதில் டூர்காரருக்குப் பங்கு உண்டு. ஆனால் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். யாராவது ஒருவர் வாங்கினால்தான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். அந்த ஒருவர் நான்தான். ஒரு பழுப்புக் கைப்பையை எடுத்து, "அடேயப்பா, நம்ம ஊர்ல இந்த விலைக்குக் கைப்பிடிகூடக் கிடைக்காது!" என்று பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். பேரம் பேச வேண்டும். சிரித்துக்கொண்டே பணம் கொடுக்க வேண்டும். எல்லோரும் பஸ் ஏறும்போது கடையின் பின்பக்கக் கதவு வழியாகப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கைப்பையை நான் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். என்னிடம் அந்தக் கைப்பை இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள், "வீட்டம்மா எங்கயாவது வேலைக்குப் போறாங்களா?" என்று அவரைக் கேட்பார்கள். "இல்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கா" என்பார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. மனதாரத்தான் சொல்வார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் நான் வாய் விட்டுக் கேட்டேன்.

"என்னங்க, நாம ரெண்டு பேர் மட்டும் சும்மா எங்கயாவது போயிட்டு வரலாமா?"

"சும்மாவா?" என்றார்.

"சும்மாதான்."

முகம் மலர்ந்துபோயிற்று மனிதருக்கு. ஒரு வாரம் அலைந்து திரிந்து, வெற்றியோடு வந்து நின்றார். "நீ கேட்ட மாதிரியே! கடற்கரையில புது ஹோட்டல். ரெண்டு ராத்திரி, சாப்பாடு, கார் எல்லாம் சும்மா. ஏஜெண்டுகளைக் கூப்பிட்டுக் காட்டறாங்க." நான் எந்த சும்மாவைக் கேட்டேன், அவர் எந்த சும்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று விளக்க வாயெடுத்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அங்கே போனதும் மெத்தையை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு வெந்நீர் வருகிற வரை நின்றார். அலமாரியில் எத்தனை ஹேங்கர் என்று எண்ணினார். என்னைக் குளியல் தொட்டிக்குள் உட்காரச் சொல்லி, "உன்னைவிடக் கொஞ்சம் குண்டா இருந்தா எந்திரிக்க முடியுமா?" என்று கேட்டார். நான் நழுவிப்போய் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கடல் எதிரிலேயே இருந்தது. அலை வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருப்பேன். உள்ளே இருந்து குரல் வந்தது. "அங்கதான இருக்க? காலைல வெயில் எந்தப் பக்கம் விழும்னு பார்த்துச் சொல்லு. ரூமுக்குள்ள அடிச்சா ஜனங்க சண்டைக்கு வருவாங்க." மாலையில் ஹோட்டல் மேனேஜர் எங்களுக்கு அதே கடலைத் திரையில் படமாகப் போட்டுக் காட்டினார். ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என்றைக்காவது ஒரு நாள் பணம் கட்டிப் போக வேண்டும். என் பெயர் போட்ட டிக்கெட், என் நம்பர் போட்ட சீட். பணம் கட்டியவர்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். வெயில் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு நாடு எல்லாம் வேண்டாம், உட்கார ஒரு நாற்காலி போதும். இதை அவரிடம் சொன்னபோது, "சும்மா வர்ற இடத்துக்கு யாராவது பணம் கட்டுவாங்களா? ஊர் சிரிக்கும்" என்றார். பிறகு நான் கேட்டபோதெல்லாம், அடுத்த சீசன், அடுத்த சீசன் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்தடுத்த சீசன்களில் அவருடைய தொழிலே தள்ளாட ஆரம்பித்தது. டிக்கெட் கம்ப்யூட்டருக்குள் போயிற்று, அங்கிருந்து எல்லோருடைய போனுக்குள்ளும் போயிற்று. ஆபீஸுக்கு ஜனங்கள் வருவார்கள். எந்த மாதம் போகலாம், எந்த ஹோட்டல் நல்லது, எங்கே விமானம் மாற வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம் சார்" என்று கிளம்புவார்கள். வாசலிலேயே நின்று போனில் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார்கள். விமானம் ரத்தானால் மட்டும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து கூப்பிடுவார்கள். "சார், இப்ப என்ன பண்றது?" இவரும் ரோஷம் இல்லாமல் உட்கார்ந்து வழி சொல்வார். "என்னைக் கேட்காம அவங்களுக்கு ஆகாது, பாத்தியா" என்று என்னிடம் பெருமை வேறு.

அப்புறம் நட்சத்திரம் போடுகிற காலம் வந்தது. போய் வந்தவர்கள் நல்லதும் கெட்டதும் எழுத, மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுப் போகிற காலம். எங்கள் டூருக்கு யாரும் எழுதவில்லை. "நீ சும்மாதான இருக்க, நாலு வரி எழுது" என்றார். எழுதினேன். புதிதாகக் கல்யாணமான பெண்ணாக எழுதினேன். ஓய்வு பெற்ற இன்ஜினியராக, இரட்டைக் குழந்தைகளின் தாயாக எழுதினேன். வெறுமனே புகழ்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சீக்கிரமே பிடிபட்டது. 'துண்டு கொஞ்சம் மெலிசு, மற்றபடி குறையில்லை' என்று முடித்தால் அப்படியே நம்பிவிடுவார்கள். என் இன்ஜினியருக்கு ரசிகர்கள்கூட இருந்தார்கள். விஷயம் கசிந்து, நாலைந்து ஹோட்டல்காரர்கள் தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். அவர்கள் சும்மா கேட்கவில்லை. என் வங்கிக் கணக்கில் போட்டார்கள். என் கணவரிடம் நான் இதை மறைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பிறகு உலகமே வீட்டுக்குள் அடைபட்ட அந்த நோய்க்காலம். விமானங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. எல்லோரும் வீட்டில் சும்மா இருந்தார்கள். என் கணவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து நடந்து, "எப்படித்தான் நீ இப்படியே இத்தனை வருஷம் வீட்ல சும்மா இருந்தியோ!" என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கு மூன்று வேளையும் சமைத்து, நாலு தடவை டீ போட்டு, பாத்திரம் தேய்த்து, அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் பதில் சொல்லவில்லை. கையில் கத்தி இருந்தது.

அந்த அடைப்பு முடிந்ததும் எங்கள் மகள் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் சுற்றுலா நிர்வாகம் படித்தவள். முதல் வேலையாக 'டூர்' என்ற சொல்லைக் கெட்ட வார்த்தை ஆக்கினாள். "அப்பா, இனிமே யாரும் டூர் போறதில்ல. அனுபவம் தேடிப் போறாங்க." அப்பாவும் தலையாட்டினார். பிளாஸ்டிக் விமானம் குப்பைக்குப் போயிற்று. அந்த இடத்துக்கு ஒரு கூழாங்கல் வந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புதுத் திட்டத்தைச் சொன்னாள்.

"ஏரிக்கரையில ஒரு பழைய கட்டடம் எடுத்திருக்கேன். போன் கிடையாது. சுத்திப் பார்க்க எதுவும் கிடையாது. வந்து உட்கார வேண்டியது, அவ்வளவுதான். பேரு என்ன தெரியுமா? சும்மா!"

"என்னது?"

"சும்மா. அந்த வார்த்தையை வேற எந்த மொழியிலயும் மொழிபெயர்க்கவே முடியாதுப்பா. வெளிநாட்டுக்காரங்க இதுக்கெல்லாம் உயிரை விடுவாங்க. இதுவரைக்கும் நாம போட்டதுலயே விலை அதிகம் இதுதான்."

"சும்மாவுக்கா?" என்றேன்.

"ஆமாம்மா. நீயும் வரணும். இந்த ஜனங்களுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நீ நடுவுல போய் உட்கார்ந்தா, உன்னைப் பார்த்துக் கத்துக்குவாங்க. உன் அளவுக்கு அனுபவம் யாருக்கு இருக்கு?"

கிண்டல் இல்லை. கொஞ்சிக்கொண்டுதான் சொன்னாள். அப்பாவின் மகள்.

"அவ வருவா. எப்பவும் சும்மாதான வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு என் கணவர் தட்டை நீட்டினார், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று.

நான் வர முடியாது என்றேன். முழங்கால் வலி என்றேன். இருவரும் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, குறித்த நாளுக்கு முன்பே ஏற்பாடுகளைக் கவனிக்கக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் போன மறுநிமிடம் நான் கணினியைத் திறந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்த என் பெயரில் பதிவு செய்தேன். ஒரு நபர், ஒரு அறை, ஒரு நாற்காலி. 'நீங்கள் ஏன் சும்மா இருக்க விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தது. என் இன்ஜினியராக இருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பார். நான் 'பழக்கமில்லை' என்று மட்டும் எழுதினேன். நட்சத்திரம் போட்டுச் சம்பாதித்த பணம் முழுவதும் போயிற்று. எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. அந்த ரசீது வந்தபோது கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது போல அதை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன்.

அந்த ஏரிக்கரைக் கட்டடம் ஒரு காலத்தில் உர மூட்டை அடுக்கிய கிடங்கு. வெள்ளையடித்து, ஜன்னல் பெரிதாக்கி, கயிற்று விளக்கு தொங்கவிட்டிருந்தாள். மழை ஈரத்தில் உர வாடை லேசாக எழும். அதை 'மண்ணின் ஆதி வாசனை' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். வாசலில் என் கணவர் நின்றிருந்தார். கசங்கிய வெள்ளைத் துணியில் தொளதொளவென்று சட்டையும் கால்சட்டையும். கசங்கியே இருக்க வேண்டும் என்பது மகளின் உத்தரவாம். கையில் வருகிறவர்களின் பட்டியல்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "வீட்ல யாருக்காவது ஏதாவது...?"

"வீட்ல யாரும் இல்ல. நான் இங்க தங்க வந்திருக்கேன். பேரைப் பாருங்க."

பார்த்தார். என் பழைய பெயரைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பணம் கட்டியா வந்த?" குரலில் அப்படி ஒரு வேதனை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மா கூட்டிட்டு வந்திருப்பேனே!"

மகள் ஓடி வந்தாள். "அம்மா! முழுப் பணமும் கட்டினியா?"

"முழுசும். சலுகை எதுவும் இல்லாம."

அவள் வியாபாரி. சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "அப்பா, பெட்டியை வாங்குங்க. மத்தவங்க முன்னாடி அம்மான்னு காட்டிக்க வேண்டாம். எல்லாரையும் மாதிரிதான்." எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் பெட்டியை என் கணவர் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்தப் பெட்டியின் கனம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். காலையில் சும்மா. அதன் பிறகு வழிகாட்டுதலுடன் சும்மா. மதியம் அவரவர் அறையில் சும்மா. மாலையில் நீரருகே சும்மா. பத்துப் பேர் வந்திருந்தோம். வழிகாட்டுகிறவர் என் கணவர். பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தறியாத மனிதர், எங்கள் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, "எதையும் யோசிக்காதீங்க... அப்படியே விடுங்க..." என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் இல்லாமல் கை தவித்தது.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், ஒப்படைத்துவிட்ட போனைத் தொடையில் தடவித் தடவித் தேடினார். ஒரு டாக்டரம்மா உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். எழுந்ததும் தான் சரியாகச் செய்தோமா என்று கேட்டார். எனக்கும் சுலபமாக இல்லை. யாராவது இருமினால் என் கை தானாகப் பைக்குள் மாத்திரையைத் தேடிப் போயிற்று. அதைப் பிடித்து மடியில் வைத்தேன். கம்ப்யூட்டர்க்காரர் என்னிடம் குனிந்து, "அக்கா, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் என்னைத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போல.

"தெரியலீங்க. நானும் உங்களை மாதிரி வந்தவதான்" என்றேன். சொல்லும்போது நாக்கில் தித்தித்தது.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். என்னுடையது ஓரத்தில், நீருக்குப் பக்கத்தில். வெயில் தணிந்திருந்தது. எதிர்க்கரையில் யாரோ துணியை அலசிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் யோசிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பறவை வந்து உட்கார்ந்தது, அது என்ன பறவை என்று யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று தோன்றியது. சந்தோஷம்தான்.

அப்போது காதருகே மூச்சு வாங்குகிற சத்தம். என் கணவர். சமையல்காரப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சலாம், அவள் பாதியில் கிளம்பிவிட்டாளாம். மகள் இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்ல ஊருக்குள் போயிருக்கிறாளாம். டீ நேரம் தாண்டிவிட்டது.

"கொஞ்சம் எந்திரிச்சு வா" என்றார் கிசுகிசுப்பாக. "பத்து டம்ளர்தான். நீ கை வச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

நான் ஏரியைப் பார்த்தேன்.

"நான் வர மாட்டேங்க."

"ஏம்மா, சும்மாதான உக்காந்திருக்க?"

"ஆமா. அதுக்குத்தான் பணம் கட்டியிருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருண்டது. எதுவோ உடைந்தது. "ஐயோ" என்று அவர் குரல் கேட்டது. என் முழங்கால் இரண்டும் தாமாகவே எழுந்துவிடப் பார்த்தன. கை சுட்டிருக்குமோ, டீத்தூள் எந்த டப்பா என்று தெரிந்திருக்குமோ? நான் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் ஆயுளில் செய்த கடினமான வேலை எது என்று யாராவது கேட்டால், அன்றைக்கு எழாமல் இருந்ததைத்தான் சொல்வேன். அழுகையும் கோபமுமாக வந்தது. எழவில்லை.

கடைசியில் தட்டோடு வந்தார். கசங்கிய சட்டையில் டீக்கறை. சர்க்கரையைக் கலக்கத் தெரியாமல் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தார். ஒவ்வொருவரிடமாகக் குனிந்து கொடுத்தார். டாக்டரம்மாவிடம், "உங்களுக்குச் சர்க்கரை இல்லாம, சரிதானே மேடம்? நேத்துச் சொன்னீங்க" என்றார். அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. இருபது வருஷத்துக்கு முன் கூட்டிக்கொண்டு போனவர்களில் யாருக்குப் பால் ஆகாது, யாருக்கு டீ ஆறியிருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

என் நாற்காலிக்கு வந்து குனிந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. பயணிகளுக்கு என்று வைத்திருக்கிற சிரிப்பு. அது முழுசாக என் பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை. நல்ல சிரிப்பு. ஊருக்கெல்லாம் இதையா கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன் என்று இருந்தது எனக்கு.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எத்தனை கரண்டி?" என்றார்.

"ரெண்டு."

இரண்டு கரண்டி போட்டார். சிந்தாமல் கலக்கினார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"வீட்லயும் ரெண்டுதானா?"

"ஆமா" என்றேன்.

மனதில் குறித்துக்கொள்கிறவர் போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.